திரும்பி உட்கார்ந்த அரியாட்னி

'கைவிடப்பட்ட பெண்களுக்கு'ன்னு போர்டு மாட்டி விழாவுல குடுத்த தையல் மெஷின் கைக்கு வந்ததும் கிளம்பப் பாக்குறீங்களே... கொஞ்சம் உக்காருங்கம்மா. ஒரு பொடிக் கதை வச்சிருக்கேன், கேட்டுட்டுப் போங்க. நெசமா நடந்துச்சான்னு மட்டும் கேக்கப்படாது. நானே கட்டின கதை.

விக்டோரியா மகாராணி காலம். லண்டன்ல எட்வின்னு ஒரு ஓவியர். அந்தக் காலத்து ஓவியருங்களுக்குக் கிரேக்க புராணம்னா உசுரு. இவரு எடுத்துக்கிட்டது அரியாட்னி கதை. யாரு அரியாட்னி? ஒரு ராஜகுமாரி. தீசியஸ்னு ஒருத்தனை நம்பி, அப்பன் வீட்டை விட்டுட்டுக் கப்பல் ஏறினவ. அந்த மகராசன் என்ன செஞ்சான்? நடுவுல ஒரு தீவுல இவ அசந்து தூங்கும்போது... கப்பலை எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டான்! ஏம்மா சிரிக்கிறீங்க? நம்ம ஊர்ல நடந்த மாதிரி இருக்கா?

படத்துக்கு யாரைப் பாத்து வரையறது? வீட்டுலயே ஆள் இருக்கு. அவரோட அக்கா மார்த்தா. நிச்சயம் பண்ணினவன் ஆஸ்திரேலியாவுக்குப் போனான், அங்கேயே வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். அன்னையிலேருந்து மார்த்தா வெளிய தலைகாட்டுறதில்ல. பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டாங்க. அதுக்கும் போகல. நாலு பேரு என்ன பேசுவாங்களோன்னு பயம்!

தம்பி சொல்றாரு: "அக்கா, நீ நடிக்கவே வேணாம். சும்மா உக்காரு, போதும்." பாவி!

உக்காந்தா. படத்துல முகம் கடல் பக்கம், தூரத்துல போற கப்பல். அழுத மூஞ்சியை அப்படியே தத்ரூபமா வரைஞ்சுட்டாரு. படத்துக்குப் பேரு? 'கைவிடப்பட்டவள்'. ஆகா, என்ன பேரு! விட்டுட்டு ஓடினவனுக்கு ஒரு பேரும் இல்ல... இவளுக்கு மட்டும் பட்டம்!

ஒரு நாள் கழுத்து வலிக்குதுன்னு எந்திரிச்சவ, படத்துகிட்ட வந்து பாத்தா. அதுல அவ முதுகுக்குப் பின்னாடி ஒரு மூலை வெறுமையா கெடக்கு.

"தம்பி, இங்க என்ன வரப்போகுது?"

"பாக்கஸ் தேவன் வருவான்க்கா. சிறுத்தை பூட்டின தேர்ல வந்து அவளை ராணியாக்குவான். புராணத்துல அப்படித்தான்."

"அது அவளுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அவதான் போன கப்பலையே பாத்துக்கிட்டு இருக்காளே!"

மார்த்தா அந்த வெறும் மூலையில விரலை வச்சுப் பாத்தா. அப்புறம் சொன்னா: "எட்வின், என் மூஞ்சியைத் திருப்பு."

"என்னக்கா விளையாடுறியா? கண்காட்சிக்கு அனுப்பணும். அந்த மூஞ்சிதான் படமே!"

"நீ திருப்புறியா, நான் திருப்பட்டுமா?"

பிரஷ்ஷைக் கையில எடுத்துட்டா! தம்பி பதறி ஓடிவந்து, "சரிக்கா, சரிக்கா... அதைக் கீழ வை!"

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காந்தா. பழைய மூஞ்சி மேலயே புது மூஞ்சியை வரைஞ்சாரு.

"பாக்கஸை எங்கக்கா வைக்கிறது?"

"வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் திரும்பிட்டேன்ல, அது போதும்."

அந்த மூலையில ஒரு பாதையை மட்டும் போட்டு முடிச்சாரு. கண்காட்சியில பெரிய மனுஷங்க மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, "இதென்ன அரியாட்னி? அழுகையே காணோமே!"ன்னாங்க. அவங்க கவலை அவங்களுக்கு! மார்த்தா அங்க இல்ல. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திக்கிட்டு இருந்தா.

இன்னொண்ணு சொல்றேன். எண்ணெய்ச் சாயம் பழசாக ஆக, அடியில வரைஞ்சது மேல தெரிய ஆரம்பிக்கும். இந்தப் படத்தையும் கிட்டப் போயி உத்துப் பாத்தா... அந்த அழுத மூஞ்சி லேசாத் தெரியுமாம்.

தெரியட்டுமே! என்ன இப்போ?

தாய்மாரே... பட்டதை மறந்துடுங்கன்னு சொல்ல நான் யாரு? பட்டது பட்டதுதான். தேர்ல இன்னொருத்தன் வருவான்னும் நான் சொல்லல. மூஞ்சியைத் திருப்புங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான். போன கப்பல் போகட்டும்... இந்தப் பக்கம் பாதை இருக்கு. பழசைக் கிளறி எவனாவது கேட்டான்னா, நிமிர்ந்து நின்னு சொல்லுங்க: "ஆமாய்யா, அழுதேன். அதுக்கு மேலதான் இதை வரைஞ்சேன்!"