அட்டையை உரக்கப் படித்த பிரியங்கா

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவர் நீரஜா அம்மையார் அவர்களே, நெசவாளர் சங்கத் தலைவர் பெரியவர் வேதாச்சலம் அவர்களே, தறியை நிறுத்திவிட்டுத் தரையெல்லாம் நிறைந்திருக்கும் தாய்மார்களே, தமிழிலும் தெலுங்கிலும் என்னைத் தங்கையென்று அழைக்கும் நகரி நகரத்து நல்லோரே, அனைவரையும் வணங்குகிறேன்.

நான் சிவசங்கரி. பள்ளியில் தமிழ் சொல்லித் தருபவள். என் கணவர் கிரண்குமார் எப்படிப் பிழைத்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன். பின்னால் யாரோ ‘கேக்கல’ என்கிறீர்கள். மைக் அண்ணா, கொஞ்சம் கூட்டுங்கள்.

நம் ஊர் மருத்துவமனைக்கு வந்த புதிதில் நீரஜா அம்மையார் ஓர் அட்டை எழுதினார். ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிர் ஊசலாடினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை. எல்லாம் அதில் இருந்தது. ஒரு நாள் கட்டிலில் பொம்மையைக் கிடத்தி, ‘இவருக்கு மூச்சு முட்டுகிறது, அட்டையைப் பார்த்துச் செய்யுங்கள்’ என்றார். செவிலியர் பிரியங்கா அட்டையைப் பிடித்தார். கண் ஓடியது, கை ஓடவில்லை.

“மருந்து அளவு எங்க எழுதிகீதுன்னு தேடிக்கினே கீறேன் மேடம். மன்னிச்சிடுங்க.”

“தப்பு உன்னோடது இல்லை பிரியங்கா. அட்டையோடது. வா, மாத்திடலாம்.”

எழுதியவரே இப்படிச் சொல்வதை எங்கே கேட்டிருக்கிறோம்? தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!

மாற்றினார்கள். மறுபடி பொம்மையைக் கிடத்தினார்கள். மறுபடி தடுமாறினார்கள், மறுபடி மாற்றினார்கள். பத்தி போயிற்று, வரிக்கொரு வேலை வந்தது. பொடி எழுத்து போயிற்று, பெரிய எழுத்து வந்தது. மில்லிகிராம் கணக்குக்குப் பக்கத்திலேயே, ‘பெரியவர்களுக்கு அரை ஆம்பூல்’, அதாவது அந்தக் கண்ணாடிக் குப்பியில் பாதி என்று வந்தது. பளபளத்த உறையில் டியூப்லைட் பட்டு எழுத்து மறைந்தது, உறையையே மாற்றினார்கள். அலமாரியில் உறங்கிய அட்டை மருந்து வண்டியில் தொங்கியது. ஒரு பக்கம் தெலுங்கு, மறு பக்கம் தமிழ். உச்சியில் ஒரே கட்டளை: ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் செய்க.

போன ஆடியில் விசைத்தறியில் காலைக் கிழித்துக்கொண்டார் என் கணவர். காயம் சீழ் பிடித்தது. மருத்துவமனையில் ஊசி மருந்து ஏறத் தொடங்கியது.

“சிவா, உடம்பெல்லாம் அரிக்குது. நாக்கு தடிச்சிக்கினு வருது.”

உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. கண் செருகியது. ஓடி வந்தார் இளம் மருத்துவர் கோகுலகிருஷ்ணன். படித்தவர்தான், கெட்டிக்காரர்தான். ஆனாலும் கண்ணெதிரே ஓர் உயிர் நழுவினால் யாருக்குத்தான் படித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும்?

“டாக்டர், நான் படிக்கிறேன். நீங்க செய்யுங்க,” என்று அட்டையைக் கையில் எடுத்தார் பிரியங்கா.

“ஏறும் மருந்தை நிறுத்து.” நிறுத்தினார்.

“படுக்க வை. காலை உயர்த்து. அக்கா, நீங்க பிடிச்சிக்கோங்க.” பிடித்தேன்.

“அட்ரினலின், அரை ஆம்பூல். தொடையின் வெளிப்பக்கத் தசையில்.”

“அரை ஆம்பூல்,” என்று திருப்பிச் சொல்லிப் போட்டார் மருத்துவர்.

ஆக்சிஜன் வைத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். “ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை.” தேறவில்லை. இன்னொரு முறை போட்டார். நான் என் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழக்கூட மறந்து நின்றேன்.

மெல்ல மெல்ல மூச்சு சீரானது. கண் திறந்தார். “ஏன் சிவா, காலை இப்பிடி இறுக்கிக்கினு கீற? வலிக்குது,” என்றார். சிரிக்கிறீர்கள், அன்றைக்கு அந்த வார்டே சிரித்தது, அழுதுகொண்டே சிரித்தது. அதோ மூன்றாம் வரிசையில் நீலச் சட்டை. எழுந்து நில்லுங்கள், ஊர் பார்க்கட்டும்!

அறிவு பெரிது, ஐயமில்லை. அந்த அறிவு அவசரத்தில் கைக்கு எட்டுவது அதனினும் பெரிது! போன வாரம் புத்தூரில் ஒரு கல்லூரி மாணவி, அங்கே முன்னோட்டமாகக் கொடுத்திருந்த இதே அட்டையால் பிழைத்து வீடு திரும்பினாள். இன்று நாகலாபுரத்திலிருந்து திருப்பதி வரை ஒவ்வொரு மருந்து வண்டிக்கும் இது புறப்படுகிறது. எங்கோ ஒரு வீட்டில் இன்னும் முகம் தெரியாத ஒருத்தியின் தாலி, ஒரு தாயின் பிள்ளை, ஒரு பிள்ளையின் நைனா காப்பாற்றப்படப் போகிறார்கள். வெல்லட்டும் இந்த வேலை!

அட்டை படைத்த அம்மையாருக்கும், மருந்திட்ட கைக்கும், படித்த குரலுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்குக் கைகூப்பி, நலமாய் வாழ வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்.