சிராய் நீக்கிய சொற்கள்

நான் யாரோடும் சண்டைக்குப் போகிறவன் இல்லை, மேடம். விடுதியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். குளியலறை வரிசையில் ஒருவன் முந்திக்கொண்டு உள்ளே புகுந்தால்கூட, வாளியை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ள உங்களுக்கும் சௌகரியமாக இருக்கும்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தச் சுபாவம்தான். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். தூது போக நான் இருந்தேன். "அந்தாளு கொட்டிக்க வரானான்னு கேளு" என்பாள் அம்மா. நான் கூடத்துக்குப் போய், "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்பேன். "அவ மூஞ்சியப் பாத்தா சோறு எறங்காதுன்னு சொல்லு" என்பார் அப்பா. நான் சமையலறைக்குத் திரும்பி, "அப்பாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்காம்மா, நீங்க மொதல்ல சாப்பிடுவீங்களாம்" என்பேன். அந்தக் குடும்பம் சிதறாமல் நின்றதற்கு நான்தான் காரணம். அதைப் பொய் என்று சிலர் சொல்லலாம். சிராய் நீக்குவது என்று நான் நினைத்துக்கொள்வேன். பலகையைத் தொடுகிறவர் கையில் குத்தக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் போட்டி அறிவிப்பைப் பார்த்ததும் இது எனக்காகவே வைத்தது என்று தோன்றியது. வெவ்வேறு பண்பாட்டு மக்களைக் கைபேசி வழியே இணைக்கும் கருவி ஒன்றை மாணவர்கள் வடிவமைக்க வேண்டும். பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள், இறுதிச் சுற்று எங்கள் கல்லூரி அரங்கத்திலேயே நடக்கும். நான் உடனே என் அறைத்தோழனைச் சேர்த்துக்கொண்டேன். அவனை ஒட்டகம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நீளக் கழுத்து, நடக்கும்போது ஓர் ஆட்டம். பெயர் வைத்தவன் நான்தான், அவனும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பான். அவனுடைய ஆட்கள் மலைக்கு அப்பாலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள், பேச்சே வேறு. தாய் தகப்பன் இல்லாத அவனைச் சித்தப்பாவும் சித்தியும்தான் கல் சுமந்து, மண் சுமந்து படிக்க வைத்தார்கள். மூன்று வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்ததில் அவர்கள் பேச்சு எனக்கும் பிடிபட்டுவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பீர்கள்.

இரண்டு பேருக்கு நடுவில் கைபேசியை வைத்துவிட்டால் போதும். ஒருவர் பேசுவதை மற்றவர் மொழியில் அது பேசும். சொற்களைச் சேகரித்ததும் குரல்களைப் பதிந்ததும் ஒட்டகம். கடைசியில் எந்த வாக்கியம் வெளியே போக வேண்டும் என்பதை முடிவு செய்கிற பகுதி என்னுடையது. முதல் சோதனையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, உள்ளதை உள்ளபடி சொன்னால் ஜனங்கள் அடித்துக்கொள்வார்கள் என்று. எங்கள் வார்டனும், ஒட்டகத்தின் பேச்சுக்காரரான சமையல்காரரும் கருவியை நடுவில் வைத்துக்கொண்டு சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அன்றே நான் என் பகுதியில் கொஞ்சம் இழைத்தேன். வசவை எடுத்தேன், மிரட்டலை எடுத்தேன், மறுப்பைத் தணித்தேன். அடுத்த சோதனையில் அதே இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து கைகுலுக்கலை மட்டும் பார்த்த ஒட்டகம் சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினான். "இவ்ளோ நாளா பேச்சு புரியாமத்தான்டா முட்டிக்கிட்டாங்க" என்றான். நான் மறுக்கவில்லை. நான் இழைத்த கதை அவனுக்குத் தெரியாது.

நிஜமான வேலையிடத்தில் கருவி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் நடுவர் வந்தார். ஒட்டகத்துக்கு அன்று தேர்வு இருந்தது. அவனுடைய சித்தப்பா வேலை பார்த்த கட்டடத்துக்கு நான் மட்டும் அவரை அழைத்துப் போனேன். சித்தப்பா நாலாவது மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நின்று பூசுகிறவர். சித்தி கீழே மணல் சலித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி நம் பேச்சுக்காரர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. நடுவர் தன் கேமராவைத் தூக்கிப் பிடிக்க, நான் கைபேசியைச் சித்தப்பாவுக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். அது சொல்வது நடுவரின் மொழியில் திரையிலும் ஓடும்.

சித்தப்பா தன் பேச்சில் சொன்னார்: "மேல சாரத்துக் கட்டு நெகிழ்ந்து கெடக்கு. நான் ஏற மாட்டேன். எவனாவது செத்தா அந்தப் பாவம் உன்னைத்தான்டா சேரும்."

கைபேசி மேஸ்திரியிடம் சொன்னது: "கட்டைப் பாத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும். நான் ஜாக்கிரதையா ஏறிக்கிறேன்."

மேஸ்திரி சொன்னார்: "கட்டெல்லாம் பாக்க எனக்கு நேரமில்ல. ஏற முடியலன்னா மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பச் சொல்லு அந்த நாய."

கைபேசி சித்தப்பாவிடம் சொன்னது: "கட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. நிதானமா ஏறுங்க."

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது, மேடம். அந்த மேஸ்திரி அவரிடம் அதுவரை அப்படிப் பேசியதே இல்லை. சரிபார்த்துவிட்டார்கள் என்று நம்பி, மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார்.

ஆமாம், எனக்கு இரண்டு பேச்சும் புரிந்தது. கூப்பிட்டிருந்தால் இறங்கியிருப்பார், அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் குறுக்கே பேசுவது நாகரிகமாக எனக்குப் படவில்லை.

மூங்கில் ஒரு பக்கம் மட்டும்தான் கழன்றது. கீழே தூணுக்காகக் கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். ஒரு கம்பி முதுகில் நுழைந்து தோள்பட்டை வழியாக வெளியே வந்திருந்தது. உடனே உயிர் போகவில்லை. சித்தி ஓடி வந்து, அவரைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல், சல்லடையைக் கையில் வைத்தபடியே நின்றார். எல்லாம் அடங்கிய பிறகு நடுவர் என் தோளைத் தொட்டு, கைபேசி வழியாகத்தான் ஆறுதல் சொன்னார்: "அவருடைய கடைசிப் பேச்சு மரியாதையான பேச்சாக இருந்தது. அதற்கு நீங்கள்தான் காரணம்." அந்த வாக்கியத்தை இழைக்க வேண்டியிருக்கவில்லை.

இறுதிச் சுற்றன்று காலையில் ஒட்டகம் அரங்கத்துக்கு மேலே இருக்கிற சாமான் அறைக்கு வந்தான். எங்கள் பொருள்களெல்லாம் அங்கேதான் இருந்தன. சித்தப்பாவின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்ததாம். கருவியில் பதிவாகியிருந்ததைப் போட்டுக் கேட்டிருக்கிறான். அவர் பேசியதையும் கேட்டான், அது சொன்னதையும் கேட்டான்.

"உனக்கு எங்க பேச்சு தெரியும்டா" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நீ அங்கதான நின்ன. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"முடிவு வரட்டும்டா, அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்றேன்.

"மேடையில ரெண்டையும் போட்டுக் காட்டப் போறேன். எல்லாரும் கேக்கட்டும். சித்தியும் வந்து முன்வரிசையில உக்காந்திருக்காங்க."

"சித்தி மனசு என்ன பாடுபடும், யோசிச்சுப் பாத்தியா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

மேடையில் கைபேசியை நிறுத்தி வைக்க ஓர் இரும்புத் தாங்கி செய்திருந்தோம். ஆடாமல் நிற்க வேண்டும் என்று அடிப்பாகத்தை அவனே கனமாக வைக்கச் சொல்லியிருந்தான். அதைத்தான் எடுத்தேன். முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. அவன் விழவில்லை, யாரோ கூப்பிட்டதுபோல என் பக்கம் திரும்பினான். இரண்டாவது அடி முகத்தில். அப்புறம் அவன் முட்டிபோட்டு உட்கார்ந்த பிறகும் அடித்தேன். கை வலித்தபோது நிறுத்தினேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், ஒரு பல் வெளியே வந்தது. கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வராது.

கையைக் கழுவினேன். தாங்கியைத் துடைத்தேன், கைபேசியையும் எடுத்துக்கொண்டேன், இரண்டும் மேடைக்கு வேண்டும். அவனுடைய சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது, அதைப் போட்டுக்கொண்டேன், தோள் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

நன்றாகப் பேசினேன். பரிசு கிடைத்தால் அதைச் சித்தப்பாவின் நினைவுக்குக் காணிக்கையாக்குகிறேன் என்று சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்கிற இடைவெளியில் மேலே கதவு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி கைதட்டினார்கள். ஒட்டகம் எங்கே என்று நடுவர் கேட்டார். துக்கம் தாளாமல் படுத்திருக்கிறான் என்றேன்.

முதல் பரிசை வாங்கிக்கொண்டு மேலே போனபோது கதவு லேசில் திறக்கவில்லை. அவன் தவழ்ந்து வந்து அதன்மேல் சாய்ந்திருந்தான். கதவின் கீழ்ப்பாதி முழுக்க அவன் கை பட்ட தடம். அப்போதும் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான். ஆனால் பிழைத்தால் பேசுவான். அவன் பேசினால் எத்தனை பேருக்கு மனக்கஷ்டம் என்று யோசித்தேன். மூக்கையும் வாயையும் பொத்தினேன். ரொம்ப நேரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், பிறகு விட்டுவிட்டான். கூட்டிப் பெருக்க வந்த அம்மா கதவடியில் ரத்தத்தைப் பார்த்துச் சத்தம் போடும்வரை நான் அவன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

அவ்வளவுதான், மேடம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். இன்னும் ஒரே ஒரு விஷயம். வெளியே பெஞ்சில் அவன் சித்தி உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வரும்போது பார்த்தேன். அவருக்கு நம் பேச்சு தெரியாது. நடந்ததை அவருக்குச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருப்பதாகக் கான்ஸ்டபிள் சொன்னார். வேறு யாரையும் தேடாதீர்கள். கண்டவனும் போய்ப் பச்சையாகச் சொல்லிவிடுவான், அந்த அம்மா தாங்க மாட்டார். ஒரு நிமிஷம் அவரை உள்ளே கூப்பிடுங்கள், நானே பக்குவமாகச் சொல்கிறேன்.