மகாராணியின் கை

இரவு பத்து மணி இருக்கும். லுணுகலையிலிருந்து மேலே ஏறுகிற ஒரு தோட்டத்துப் பாதை. கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூட்டம்... முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது. அரிக்கன் லாம்போடு மூன்று பேர் துரை பங்களாவுக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

தோட்டத்தின் பெயர் வேண்டாம். உங்களில் யாருக்காவது அங்கே சொந்தக்காரர் இருப்பார்கள். கொஞ்சம் கிட்ட வாருங்கள்... அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்.

என் சிநேகிதன் இரகுநாதனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. ஐம்பத்துமூன்றாம் வருடம். அவர் பெயர் அம்பலவாணர். சுன்னாகத்து ஆள், அந்தத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். கூட வந்தவர்களில் ஒருவர் பெரிய கங்காணி அழகையா. மற்றவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற சிதம்பரநாதன். துரை ஆளனுப்பி மூவரையும் வரச்சொல்லியிருந்தார். எதற்கென்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொள்ளவில்லை. மூவருக்கும் தெரியும்.

துரை கலியாணம் செய்யாத வெள்ளைக்காரர். பாக்கியலெட்சுமி என்ற கொழுந்து கிள்ளுகிற பெண்ணை ஆறு வருடமாகப் பங்களாவில் வைத்திருந்தார். அவள் அங்கே போன நாளிலிருந்து, தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் யாரும் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள் அவள் எதிரே வந்தால் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள். துரை இரவானால் கிராமபோனில் ஒரு இத்தாலிப் பாட்டு நாடகம் போடுவார். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது பாடமாகிவிட்டது. துணி காயப்போடும்போது, அர்த்தம் தெரியாமலே, வாய்க்குள் முணுமுணுப்பாள்.

ஐப்பசிக் கடைசியில் துரை கொழும்புக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவளுக்கு வலி கண்டது.

தாய் இராக்கம்மா கொட்டுகிற மழையில் கிளாக்கர் வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஐயா, புள்ள குறுக்கால கெடக்குதுங்க. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். லொறியக் குடுங்க ஐயா!"

"துரையின்ர ஓடர் இல்லாமல் லொறி எடுக்க ஏலாது. கங்காணியைப் போய்க் கேள்" என்றார் அம்பலவாணர்.

கங்காணி கதவைப் பாதி திறந்தார். "தொரை வச்சிருக்கவளுக்குத் தொரையே வரட்டும்."

சிதம்பரநாதன் டிஸ்பென்சரியை விட்டு இறங்கவேயில்லை. ஜன்னலால் ஒரு போத்தல் மருந்தை நீட்டினார்.

விடியும்போது அவள் செத்துப்போனாள். பிள்ளை வெளியே வரவில்லை. வயிற்றைப் பிரிக்காமல் புதைக்கக் கூடாது என்று லயத்துக் கிழவிகள் சொன்னார்கள்... செய்ய யாரும் வரவில்லை. அப்படியே புதைத்தார்கள்.

துரை திரும்பி வந்து ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு வாரம், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டுக்கும் வரவில்லை. பிறகுதான் இந்த அழைப்பு.

பங்களாக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு. கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது. கிர்... கிர்... அதற்குள்ளே ஒரு பெண் குரல், அழுகிற மாதிரி மேலே மேலே ஏறிப்போனது. ஈரமண் வாசனை மூக்கில் அடித்தது. அதோடு ஓடிக்கொலோன் வாசனை.

நடுவில் உயரமான நாற்காலி. அதில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண் இருந்தாள். முகத்தில் வெள்ளைத் துணி. கைகள் இரண்டும் நாற்காலிக் கைப்பிடியில். மூச்சு விடுகிற அசைவு இல்லை.

துரை சவரம் செய்து, கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றார். குடித்திருக்கவில்லை. அம்பலவாணரைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார்.

"இந்த நாடகத்தை எங்கள் பக்கத்திலேயே மேடையேற்றுவது குறைவு. ஒரு ராஜகுமாரன் ஒரு பெண்ணை வைத்திருக்கிறான். அவன் ஊரில் இல்லாத நேரம் அரண்மனை ஆட்கள் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அவன் ராஜாவானதும் குழியைத் தோண்டி அவளை வெளியே எடுக்கிறான். சிம்மாசனத்தில் இருத்திக் கிரீடம் வைக்கிறான். கொன்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையில் முத்தம் கொடுக்க வேண்டும்." கங்காணியையும் சிதம்பரநாதனையும் காட்டினார். "மற்ற இரண்டு பேருக்கும் சொல்."

அம்பலவாணர் தமிழில் சொன்னார்.

துரை துவக்கு எடுத்துக் குறி வைக்கவில்லை. மிரட்டவில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது. ஆனால் மூவராலும் திரும்ப முடியவில்லை.

முதலில் கங்காணி போனார். குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் வேட்டி நனைந்திருந்தது. அடுத்து சிதம்பரநாதன். பிணங்களைப் பார்த்துப் பழகிய மனிதர்... அவர் அந்தக் கையைத் தொட்டதும் "ஐயோ, நாடி இருக்கு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கடைசியாக அம்பலவாணர்.

கையைத் தொட்டார். சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தார். சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் சூடு. உதட்டை வைத்தார். அப்போது அந்த விரல்கள் மடங்கி அவர் கையைப் பிடித்தன. சும்மா பிடி இல்லை. பிள்ளை வலியில் கிடக்கிறவள், பக்கத்தில் நிற்கிறவளின் கையைப் பிடிப்பாளே... அந்தப் பிடி. இறுகும். தளரும். மறுபடி இறுகும்.

எப்போது விட்டது என்று அவருக்கு நினைவில்லை. பாட்டு முடிந்திருந்தது. துரை சுவரைப் பார்த்தபடி திரும்பி நின்றார். தோள்கள் குலுங்கின. மூவரும் வெளியே வந்து, லாம்பை மறந்து, இருட்டில் ஓடினார்கள்.

விடிந்ததும் அம்பலவாணர் புதைகுழிக்குப் போனார். துரைக்குப் பைத்தியம் பிடித்து அவளைத் தோண்டி எடுத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனார். குழி மேட்டில் ஒரு கீறல் இல்லை. புல் முளைத்திருந்தது. பக்கத்தில் சாக்கைப் போர்த்துக்கொண்டு இராக்கம்மா குந்தியிருந்தாள்.

"ராவு யாராவது வந்தவையோ?"

"யாரு வருவா? நான் தெனமும் ராவெல்லாம் இங்கதாங்க இருக்கேன்." அவள் மண்ணைத் தடவினாள். "இன்னும் பெத்து முடிக்கலைங்க ஐயா. கேட்டுக்கிட்டே இருக்கு."

அந்த வாரமே துரை கப்பலேறிவிட்டார். கங்காணி இந்தியாவுக்குப் போனார். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. சிதம்பரநாதன் ஒரு நாள் தன் மருந்தையே அளவில்லாமல் குடித்துச் செத்துப்போனார். இராக்கம்மா மழைக்காலம் முடியும் முன்பே அந்தக் குழிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தாள். அம்பலவாணர் வேலையை விட்டுவிட்டுச் சுன்னாகம் போனார். எட்டு வருடம் அங்கே இருந்தார். கோயிலுக்குப் போனார், நேர்த்தி வைத்தார்... ஒன்றும் பலிக்கவில்லை. இருட்டினால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்.

சாகக் கிடந்தபோது இரகுநாதன் கேட்டிருக்கிறான், "பெரியப்பா, அந்தக் கை உங்களைப் பிடிச்சதுக்கோ இவ்வளவு பயம்?"

"இல்லையடா தம்பி. கைக்கு நான் பயப்பிடேல்லை. அது நியாயமான கை."

பிறகு மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம்.

"நாங்கள் மூண்டு பேர்தானே போனனாங்கள். நான்தானே கடைசி... முத்தம் குடுத்திட்டு நிமிர்ந்தனான். எனக்குப் பின்னால வரிசையில நிண்டதுக்கு வழி விட்டு விலகினனான் தம்பி."

கையைக் கட்டிலுக்கு வெளியே மெல்லத் தாழ்த்தி, நிலத்திலிருந்து ஒரு முழ உயரம் காட்டினாராம்.

"இவ்வளவுதான் இருந்தது."