டீசலா, கேஸா?

— படுத்துப் பாக்கணுமா? வண்டிக்குள்ளயா?

— ஆமா. பின் கதவைத் திறங்க.

— அம்மா, இந்தப் பழைய கார் யார்டுல எத்தனையோ பேரைப் பாத்தாச்சு. ஹாரன் அடிச்சுப் பாப்பாங்க, டயரை எட்டி உதைச்சுப் பாப்பாங்க. படுத்துப் பாக்கறேன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்.

— அண்ணி கேட்டா திறந்து விடுங்களேன் ஓனர். பின் சீட்டை நான் மடக்கிக்கறேன்.

— திறக்கறேன் மெக்கானிக் சார், திறக்கறேன். யாரு படுக்கப்போறதுன்னு தெரிஞ்சுக்கலாமா?

— எங்க அண்ணன். இவங்க வீட்டுக்காரர். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது, இடுப்புக்கு மேல வலியைத் தவிர வேற எதுவும் கிடையாது. உக்கார வைக்க முடியாது. எங்க கொண்டுபோனாலும் படுக்க வெச்சுத்தான்.

— அடப்பாவமே. ஆக்சிடென்டா?

— மலைக்கு ரோடு வெட்டற வேலைல புல்டோசர் ஓட்டினவர். மண்ணு சரிஞ்சு வண்டியோட உருண்டுட்டார். எங்க வீடும் அந்த மலைலதான். அவர் வெட்டின வரைக்கும் ரோடு, அதுக்கு மேல வெறும் கல்லு. அவர் விழுந்ததும் காண்ட்ராக்டர் போட்டது போட்டபடி கிளம்பிட்டான்.

— ஆம்புலன்ஸ் ஏறாதா?

— ஒருதடவை ஏறுச்சு. கல்லு அடியில தட்டி ஆயிலெல்லாம் ஊத்திடுச்சு. இனிமே கூப்பிடாதீங்கன்னுட்டாங்க. அப்புறம் வாடகை ஜீப்ல ஏத்தினோம். வீடு போறதுக்குள்ள ரெண்டு தடவை மயக்கம் போட்டுட்டார். அதான் இந்த மாதிரி வண்டி தேடறோம்.

— அப்படின்னா சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. பாத்தீங்களா, ஒரு காலத்துல பெரிய முதலாளிங்க மட்டும் உக்காந்த வண்டி ரெண்டும். வயசாயிடுச்சு, அவ்வளவுதான். இது டீசல். அது பெட்ரோல், ஆனா கேஸுக்கு மாத்தினது. ரெண்டும் ஒரே விலை. மனசுக்குப் பிடிச்சதை எடுத்துக்கோங்க.

— காலையில போன்ல ஒண்ணு கேட்டேனே.

— ஒரு நாளைக்கு மட்டும் குடுங்கன்னீங்களே, அதுவா? அந்தப் பேச்சே வேணாம்மா. நான் விக்கறவன். வாடகைக்கு விட்டு, மலையில ஏதாவது ஆச்சுன்னா யாரு தூக்கிட்டு வர்றது?

— ஒரு நாளைக்கு வாங்கி என்ன பண்றது அண்ணி? நமக்கு வாரா வாரம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடையா நடக்கணும். வாங்கறதுதான் சரி. ஏறுங்க. தலையைப் பாத்து.

— செருப்பைக் கழட்டிடறேன்.

— பரவால்லம்மா, அப்படியே ஏறுங்க.

— இருக்கட்டும். ம், படுத்துட்டேன். கதவைச் சாத்து. ஸ்டார்ட் பண்ணு தம்பி.

— டீசல், முதல்ல கொஞ்சம் இருமும். இருமி முடிக்கட்டும். பிடிச்சிடுச்சு. எப்படி இருக்கு?

— தலைக்குக் கீழ எதையோ போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு. தாடை நடுங்குது.

— நிக்கும்போது அப்படித்தான். ஓட ஆரம்பிச்சா அடங்கிடும். யார்டை ஒரு சுத்து சுத்தறேன், பிடிச்சுக்கோங்க.

— பிடிக்க மாட்டேன். அவரால பிடிக்க முடியாது.

— அதுவும் சரிதான். இப்ப ஒரு பள்ளத்துல வேணும்னே இறக்கினேன். தெரிஞ்சுதா?

— எப்ப?

— இப்பதான்.

— தெரியலையே தம்பி.

— அதான் விஷயம்! அடியில இரும்பு ஸ்ப்ரிங் கிடையாது, காத்துப் பை. ரோடு என்ன பேசினாலும் உள்ள இருக்கறவங்க காதுல விழாது.

— பள்ளம் தெரியல. ஆனா இந்த நடுக்கம் விட மாட்டேங்குதே. எலும்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி.

— எஞ்சினைத் தாங்கற ரப்பரை மாத்தினா பாதி குறையும். ஆனா மலைக்கு டீசல்தான் அண்ணி. அவசரமே படாது. கல்லுல ஒவ்வொரு சக்கரமா எடுத்து வெச்சு, கர்ப்பிணி படி ஏறற மாதிரி ஏறும். இவ்வளவு வயசுக்கும் எஞ்சின்ல ஒரு சொட்டு கசிவில்ல. நான் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும்.

— பாத்தீங்களா, மெக்கானிக் சாரே சொல்லிட்டார்.

— பத்து வருஷம்.

— என்ன அண்ணி?

— ஒண்ணுமில்ல. அடுத்ததைப் பாப்போம். கை குடு, இறங்கறேன்.

— இதுல நான் ஒத்தாசை பண்றேன்மா. இதோ, தலையணை மாதிரி என் கோட்டை மடிச்சு வெச்சிருக்கேன். படுங்க.

— ஸ்டார்ட் பண்ணு தம்பி.

— பண்ணியாச்சு.

— என்ன, ஓடுதா?

— ஓடுது. எட்டு சிலிண்டர் எஞ்சின். கேஸ்ல ஓடினா இன்னும் மெத்துன்னு இருக்கும்.

— சத்தமே இல்லையே. இதுல அவர் தூங்கிடுவார். ஆஸ்பத்திரியில தூங்கறதே இல்ல.

— காலை நீட்டுங்க பாப்போம்.

— நீட்ட முடியல. முட்டியை மடக்கி வெச்சிருக்கேன். காலுக்குக் குறுக்க ஏதோ இரும்பு.

— கேஸ் டாங்க்மா அது. மேல கார்ப்பெட் போட்டு மூடியிருக்கோம். பார்வைக்குத் தெரியாது.

— பார்வைக்குத் தெரியாட்டி கால் நீளமாயிடுமா ஓனர்? அண்ணன் அண்ணியைவிட ஒரு முழம் ஒசரம். அவரை மடிச்சா வைக்க முடியும்?

— குறுக்கா படுக்க வெச்சா?

— அவர் என்ன சுருட்டி வைக்கிற பாயா? அண்ணி, போன் அடிக்குது பாருங்க. அண்ணன்தான்.

— ஸ்பீக்கர்ல போடு.

— என்னடா சின்னவனே, என் தேர் ரெடியா?

— ரெண்டு தேர் நிக்குதுண்ணே. எதுன்னு அண்ணி யோசிக்கறாங்க.

— உங்கண்ணி உப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவா. எது எதுன்னு சொல்லு.

— ஒண்ணு டீசல், ஒண்ணு கேஸ்.

— கேஸா? நான் என்ன அடுப்பாடா? டீசலை எடு. ஆயுசு பூரா டீசல் புகையில குளிச்சவன் நான். அந்த நடுக்கம் இல்லன்னா வண்டி செத்துப்போச்சோன்னு தோணும்.

— உங்க முதுகு தாங்காதுங்க. நான் படுத்துப் பாத்துட்டுதான் சொல்றேன்.

— படுத்துப் பாத்தியா? நீ படுத்தா தூங்கிடுவியே. டேய், அவ தூங்கினா எழுப்பாதடா. இங்க வந்ததுலேர்ந்து வராண்டா பெஞ்சுலதான் கிடக்கறா.

— சாப்பிட்டீங்களா?

— கஞ்சி குடுத்தாங்க. இந்தா, ஒரு விஷயம் கேளு. ரெண்டு நாளா இங்க எல்லாரும் ரொம்ப மரியாதையா பேசறாங்க. எது கேட்டாலும் சரின்றாங்க. அந்த சிடுமூஞ்சி நர்ஸ்கிட்ட சும்மா சீண்டறதுக்கு சிகரெட் கேட்டேன். திட்டவே இல்ல. சிரிச்சுட்டுப் போயிட்டா.

— வீட்டுக்குக் கிளம்பறவரை எதுக்குண்ணே திட்டணும்?

— அதுவும் சரிதான். ஏய், நீ கேக்கறியா?

— கேக்கறேன்.

— வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறணும். நான் வெட்டின வளைவையெல்லாம் பாக்கணும். படுத்துட்டே பாத்தா ஜன்னல்ல என்ன தெரியுது?

— வானம் தெரியுது.

— வானம் ஆஸ்பத்திரியிலயே தெரியுதே. வளைவு?

— உங்க தலையைத் தூக்கி என் மடியில வெச்சுக்கறேன். தெரியும்.

— அப்ப சரி. வைக்கறேன். ஊசி போட வர்றாங்க.

— அண்ணன் குரல் தெம்பா இருக்கு பாத்தீங்களா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பெரிய டாக்டரே சொன்னதுக்கப்புறம் ஆளே மாறிட்டார். பாதிக் கிணறு தாண்டியாச்சு அண்ணி.

— நீ வண்டியைப் பாரு தம்பி.

— பாக்கறேன். டீசல்னு முடிவு பண்ணிடலாமா? அண்ணனுக்கும் ஆசை. நடுக்கத்துக்கு நான் வழி பண்றேன்.

— மெக்கானிக் சார், விக்கறவன் சொல்லக்கூடாத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த அம்மா படுத்துப் பாத்ததுக்கப்புறம் எனக்கு மனசு கேக்கல. உங்க ஆஸ்பத்திரி எங்க இருக்கு?

— நகரத்துக்கு நடுவுல. பெரிய ஆஸ்பத்திரி.

— அப்ப டீசல் ஆகாது. இந்த வயசு டீசலை நகரத்துக்குள்ள விடறதில்ல. நுழையற இடத்துலயே கேமரா. நேத்து ஒரு வண்டியை அப்படியே கிரேன்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. யார்டுல வெச்சு ஓட்டலாம், மலையில ஓட்டலாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முடியாது.

— நோயாளிக்குன்னு விதிவிலக்கு இருக்குமே?

— மனு போடலாம். போன வருஷம் போட்டவங்க இன்னும் பதிலுக்கு உக்காந்திருக்காங்க.

— நகர எல்லை வரைக்கும் ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்து, அங்கேர்ந்து நம்ம வண்டிக்கு மாத்தினா?

— வேணாம் தம்பி. ஸ்ட்ரெச்சர்லேர்ந்து கட்டிலுக்கு மாத்தும்போது அவர் போடற சத்தம் உனக்குத் தெரியாது. நீ வெளிய நின்னுட்டிருந்தே. நடுரோட்டுல அவரை அப்படிக் கத்த விட மாட்டேன்.

— சரி. சரி அண்ணி. அப்ப கேஸ் வண்டி. டாங்க் எடத்தை அடைக்குது, அதை வேணா வண்டிக்கு அடியில மாட்டிப் பாக்கலாம்.

— அடியில மாட்டினா மலைக் கல்லு அதைத்தானே முதல்ல தட்டும்?

— ஆமா. தட்டும்.

— இன்னொண்ணு. மலைக்குப் பழைய ரோட்டுலயா போறீங்க?

— பழைய ரோடு மழைல அறுந்து தொங்குது ஓனர். புது சுரங்கப்பாதை ஒண்ணுதான் வழி.

— சுரங்கப்பாதை வாசல்ல போர்டு பாத்ததில்லையா? கேஸ் வண்டிக்கு அனுமதி இல்ல.

— சுவிட்சைப் பெட்ரோலுக்கு மாத்திட்டுப் போவோம்.

— பெட்ரோல்ல ஓடினாலும் டாங்க் உள்ள இருக்கே. கதவைத் திறந்து பாக்கறாங்க சார். பாத்தீங்களா, எனக்கு ரெண்டு வண்டியையும் வித்தாகணும். இருந்தாலும் சொல்றேன். மன்னிச்சுக்கோங்க, கேட்ல யாரோ வந்திருக்காங்க. நீங்க பேசிட்டு இருங்க.

— நல்லா இருக்குல்ல அண்ணி? டீசல் மலை ஏறும், ஊருக்குள்ள நுழையாது. கேஸ் ஊருக்குள்ள நுழையும், மலைக்குப் போகாது. எந்தக் கதவைத் தட்டினாலும் பக்கத்துக் கதவைக் காட்டறாங்க. எஞ்சின்ல எது கெட்டாலும் என் கையால சரி பண்ணிடுவேன். போர்டை எப்படி ரிப்பேர் பண்றது?

— உக்காரு தம்பி. கொஞ்ச நேரம் இந்த டயர் மேல உக்காரு.

— உக்காந்து? அவர் வெட்டின ரோட்டுல அவரையே கொண்டுபோக முடியல. அங்க தேர் எங்கன்னு கேட்டுட்டுப் படுத்திருக்கார். நான் மெக்கானிக்குன்னு எதுக்கு இருக்கேன்? சின்னப் பையனா இருந்தப்ப அவர் மடியில உக்காந்துதான் புல்டோசர் லீவரைப் பிடிச்சேன். அவரை ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் துப்பில்ல.

— அழாதே. முகத்தைத் துடை. அந்த ஆள் பாக்கறார்.

— பாக்கட்டும்.

— லாரி எடை போடற மேடைல வேலைக்கு உக்காந்து எவ்வளவோ பாத்தவ நான். பாரம் ஜாஸ்தின்னா டிரைவருங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? கொஞ்சத்தை இறக்கி வெச்சுட்டு வருவாங்க. இந்த வண்டிலேர்ந்து கேஸ் டாங்க்கையே கழட்டி வெச்சுட்டா?

— கழட்டறதா? கழட்டலாம். என் ஒர்க்‌ஷாப்ல அரை நாள் வேலை.

— அப்ப அவர் காலை நீட்டிப் படுக்கலாமா?

— தாராளமா.

— சுரங்கப்பாதைல விடுவாங்களா?

— வெறும் பெட்ரோல் வண்டியை யாரு மறிக்கப்போறா? ஊருக்குள்ளயும் கேள்வி கிடையாது. நடுக்கமும் இருக்காது.

— அப்புறம் என்ன தம்பி? இதையே எடுத்துக்கலாம்.

— அப்புறம் அதைப் பெட்ரோல்லயே ஓட்டணுமே அண்ணி! இவ்வளவு பெரிய எஞ்சினை எதுக்குக் கேஸுக்கு மாத்தினாங்கன்னு நினைக்கறீங்க? குடிகாரன் மாதிரி குடிக்கும், ஊத்தி மாளாது. அதுவும் ஏத்தத்துல கேக்கவே வேணாம். மேல பங்க் கிடையாது, திரும்பி வர்றதுக்கும் சேத்து இங்கேயே கேன் கேனா ரொப்பிட்டுப் போகணும். ஒரு வாரம் எப்படியோ சமாளிப்போம். அடுத்த வாரம்? அதுக்கடுத்த வாரம்? ஒவ்வொரு தடவையும் போகவும் வரவும் நான் எங்கேர்ந்து—

— தம்பி.

— இல்லண்ணி, செலவுக்குப் பயந்து சொல்லல. அண்ணனுக்காக என் ஒர்க்‌ஷாப்பையே எழுதிக் குடுப்பேன். ஆனா எத்தனை நாளைக்கு முடியும்? யோசிச்சுப் பாருங்க.

— கேன் எதுவும் வேணாம், நீ டாங்க்கைக் கழட்டு. பெரிய டாக்டர் அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொன்னார். மறுபடி கூட்டிட்டு வாங்கன்னு சொல்லல.