படகின் பெயரில் ஒரு மெஸ்

தொக்கு பாட்டிலில் இருக்கும் பெயரைச் சாப்பாட்டுக் கடைக்கு வைக்கலாமா, கூடாதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி போட, பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் அண்ணியும் நாத்தனாருமாக இருவர்.

"எங்க படகு பேரை எங்க மெஸ்ஸுக்கு வைக்க, ஊறுகா கம்பெனியை இன்னாத்துக்குடி கேக்கணும்?" என்றார் அண்ணி.

"முத்தழகின்ற பேரை அவங்க பதிஞ்சு வச்சிருக்காங்க அண்ணி. வக்கீல் நோட்டீஸ் வந்தா?"

"அவங்க விக்கிறது பாட்டிலு. நான் போடறது சோறு. அப்போ படகையும் கரையேத்திடவா?"

"படகை யாரும் திங்க மாட்டாங்க. நீ சோத்துக்கு வைக்கிற இறா தொக்கைத்தானே அவங்களும் விக்கிறாங்க?"

"எங்க முத்தழகி படகு இறான்னாதான் ஊருல வாங்குறாங்க. வேற பேரு வச்சா எவன் உள்ள வருவான்?"

செல்போனில் தேடினேன். ஒரு இணையதளம் வைக்கலாம் என்றது, இன்னொன்று கூடாது என்றது.

"வெள்ளிக்கிழமை கடை தொறக்கணும். போர்டு எழுதறவன் காத்துக்கினு இருக்கான். இன்னா சொல்ல?" என்றார் நாத்தனார்.

"மெஸ்னு மட்டும் எழுதச் சொல்லு. மேல எடம் வுடச் சொல்லு."

அந்த இடத்தில் அவர் என்ன எழுதலாம்? சட்டம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். கடையைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.