ஸ்பாஞ்ச் ஷீட்டில் மட்டும் மூன்று

சூடான கேக்கைக் கம்பித் தட்டில் கவிழ்த்தால் அடியில் கோடு விழும். தட்டின் மேல் ஒரு துணியை விரித்துவிட்டால் விழாது. இது மெர்லுக்கும் தெரியும். “கோடு விழுந்தா ருசி போயிடுமாடி நோலீன்?” என்பாள். போகாது. நம் கண்காட்சியின் கேக் போட்டி விதிப்படி ஒரு மதிப்பெண் போகும். அதையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் பதினாறு வருடம் ஸ்பாஞ்ச் கேக்குக்கு முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கினாள். பதினாறு வருடமும் இரண்டாவது நான். அதில் எனக்கு வருத்தம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

மதிப்பெண்ணை ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றுவது செயலாளரான என் வேலை. பழக் கேக்குக்கு ஒரு ஷீட், ஆரஞ்சு கேக்குக்கு ஒன்று, ஸ்பாஞ்சுக்கு ஒன்று. கோட்டுக்கு எவ்வளவு கழிப்பது என்பதை விதிகள் ஷீட்டில் ஒரு கட்டத்தில் வைத்து, அதற்குக் ‘கம்பிக்கோடு’ என்று பெயர் கொடுத்திருந்தேன். எந்த ஷீட்டில் அந்தப் பெயரை எழுதினாலும் ஒன்று கழியும்.

ஒரு பெயரை ஒரே ஷீட்டுக்கு மட்டும் உரியதாகவும் வைக்கலாம். பெயர் கொடுக்கும்போது, முழுக் கோப்புக்கும் என்பதை மாற்றி அந்த ஷீட்டைக் காட்டினால் போதும். அந்த ஷீட்டுக்குள் அதன் சொந்தப் பெயர்தான் செல்லும். ஸ்பாஞ்ச் ஷீட்டுக்கு மட்டும் இன்னொரு ‘கம்பிக்கோடு’ வைத்தேன். மதிப்பு மூன்று.

அந்த வருடம் நடுவர் மெர்லுக்குப் பத்தொன்பது போட்டுவிட்டு, மதியமே தன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பலகையில் ஏறியது பதினாறு. எனக்குப் பதினேழு.

தலைவர் வேய்ன் வந்தார். “என்னம்மா, மெர்லே தோத்துட்டாங்களா? இந்தப் பெட்டி ஒழுங்கா கணக்குப் போடுதா?”

ஆரஞ்சு கேக் ஷீட்டைத் திறந்து காட்டினேன். கோட்டுக்கு ஒன்றுதான் கழிந்திருந்தது. “நீங்க போட்டா தப்பாகுமா” என்று பீர் குடிக்கப் போனார்.

மூன்றாம் முறை தோற்றபின் மெர்ல் ஒரு கேக்கோடு என் சமையலறைக்கு வந்தாள்.

“உண்மையச் சொல்லுடி. என் கை போயிடுச்சா?”

ஒரு துண்டு வாயில் போட்டேன். நாக்கில் பட்டதும் கரைந்துபோனது.

“கொஞ்சம் கெட்டியா இருக்கு மெர்ல். எழுபத்தொம்பது வயசாச்சுல்ல, போதும் விடு.”

தலையாட்டினாள். மறுவாரம் தன் கேக் அச்சுகளை என்னிடமே கொடுத்துவிட்டாள். இப்போது சர்ச் தேநீருக்கும் வருவதில்லை. கையில் எதுவும் இல்லாமல் எப்படி வருவது என்கிறாள். அவளுக்கு ஓய்வு தேவைப்பட்டது. வேறு யாரும் அதைக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

இந்த வருடம் அவள் போட்டியில் இல்லை. ஆகவே அந்தப் பெயரை நீக்கிவிட்டேன். கோப்பு சுத்தமாக இருந்தது. அப்படியும், போன குளிர்காலத்தில் குடிவந்த பல் மருத்துவருக்குப் பதினெட்டு, எனக்குப் பதினேழு.

அதற்காகத்தான் குழுவைக் கூட்டச் சொன்னேன். யாரோ என் கோப்பில் கை வைத்திருக்கிறார்கள். எப்படிச் செய்ய முடியும் என்று விளங்கத்தான் இவ்வளவும் சொன்னேன். ஆளைக் கண்டுபிடியுங்கள், அப்படிப்பட்டவர்கள் நம் குழுவில் இருக்கக் கூடாது.