யாரைக் கேட்டாரு மானேசர்?

— வேலை கிடைச்சுதா இல்லையா, அதை மொதல்ல சொல்லுங்க. கக்கத்துல என்ன பொட்டலம்?

— பொட்டலம் கெடக்கட்டும் ஏட்டி, விசயத்தக் கேளு. கோவில்பட்டி மில்லுக்கு பம்பாய்லருந்து புது மானேசர் வந்திருக்காரு. நேத்துத்தான் வந்தாரு. ஒரு ஆளையும் தெரியாது அவருக்கு.

— வரட்டும். எடைக் கிளார்க்கு வேலை என்னாச்சு? மழையில்லாம பருத்தி கருகிப்போயி, நம்ம வீட்டு அடுப்பு இதைத்தான் நம்பிக் கெடக்கு.

— அதுக்குத்தான வாரேன். ரூமுல நானும் பியூன் அல்லாபிச்சை பாயும் நிக்கோம். மானேசர் தலையத் தூக்காமக் கேக்காரு, ‘கேம் பை பஸ்?’னு.

— பஸ்ஸுல வந்தியான்னு கேட்டிருப்பாரு. எனக்கே வெளங்குதே!

— யாரு வந்தான்னு அவரு சொல்லணுமா இல்லையா? நானா, பாயா? இங்கிலீசுல ஆளைச் சொல்லாம வாக்கியமே கெடையாதுன்னு எங்க வாத்தியார் அடிச்சு அடிச்சுல்ல சொல்லிக் குடுத்தாரு! நான் பின்னால திரும்பி பாயைப் பாத்தேன்.

— அட கொடுமையே! தினம் ‘சாப்பிட்டாச்சா’னு கேக்குதேனே, என்னைக்காவது பின்னால திரும்பிப் பாத்தீகளா? சோத்து வட்டிலை இழுத்துக்கிட்டு உக்காந்துருதீக!

— அது தமிழு ஏட்டி. என் பேரு உன் வாயில வராமலே இத்தனை வருசம் குடும்பம் ஓடலையா?

— புருசன் பேரைச் சொல்லுவாளா ஒருத்தி? சரி, நீங்க முழிச்சீக. அப்புறம்?

— பாய் ‘யெஸ் சார்’னுட்டாரு. அவரும் பஸ்லதான வந்தாரு. அடுத்து ‘ஃபீலிங் ஹாட்?’னாரு.

— வெக்கையா இருக்கான்னா?

— உனக்கு எப்பிடிட்டி தெரியும்?

— சித்திரை வெயில்ல வேற என்னத்தக் கேப்பாரு?

— அதுக்கும் பாய் ‘யெஸ் சார்’. கடைசியா, ‘கேன் ஸ்டார்ட் மன்டே?’ன்னாரு. திங்கக்கிழமையே வேலையில சேர முடியுமாம்.

— ஐயையோ! அதுக்கும் யெஸ் சாரா?

— காலமெல்லாம் பழைய தொரைகிட்ட நின்ன மனுசன். வேற சொல்லு அவரு வாயில வராது. மானேசர் எந்திரிச்சு வந்து, பாய் கையப் புடிச்சுக் குலுக்கிட்டாரு.

— பியூனுன்னு உடுப்பப் பாத்தாத் தெரியாதாக்கும்?

— காக்கி சலவைக்குப் போயிருச்சாம். இன்னைக்குன்னு பாத்து வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாம. என் சட்டை பசுவந்தனை பஸ்ல கசங்கிக் கெடந்துச்சு.

— பாயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லத்தான் வாயத் தொறந்தாரு, பாவம். அதுக்குள்ள மானேசர் ‘ஹேப்பி?’ன்னுட்டாரு.

— யெஸ் சாரு!

— யெஸ் சாரேதான். நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு, வேலையப் பாத்துருவாரு. வாசல்ல வச்சு என்னையக் கட்டிப்புடிச்சு அழுதாரு.

— நான் யாரக் கட்டிப்புடிச்சு அழ? வெறுங்கையோடயா வந்து நிக்கீக?

— வெறுங்கையா? பொட்டலத்தப் பிரிச்சுப் பாரு.

— காக்கிச் சட்டையால்ல இருக்கு! இது பாய் சட்டை. இனிமே இதை யாரு போட?

— கை குலுக்கி முடிக்கயில, சலவைக்காரர் இதைக் கொண்டாந்து மேசையில வச்சாரு. மானேசர் அதை எடுத்து என் நெஞ்சுல சாத்தி, வெரல நேரா நீட்டி, மொதத் தடவையா ஆளைச் சொன்னாரு ஏட்டி: ‘யூ!’